கூடங்குளத்து மின்சாரம் எந்த ஊருக்கு?

ராதாபுரம் பக்கத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கூடங்குளத்தில் 2,000 மெகாவாட் தயாராகிறது என்று பாடம் நடத்துகிறேன். பக்கத்திலேயே இருக்கும் நம் ஊரில் ஏன் கரண்ட் போகிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்த நிலையத்தால் இந்த வட்டாரத்துக்கு உண்மையில் என்ன பயன்? கடற்கரையில் கொண்டுவந்து வைக்க வேண்டிய அவசியம் என்ன?”

பிள்ளைகளின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது எளிது. கூடங்குளத்திலிருந்து எந்த ஊருக்கும் நேராகக் கம்பி போவதில்லை. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் 400 கிலோவோல்ட் அழுத்தத்துக்கு உயர்த்தப்பட்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்துப் பெரிய துணைமின் நிலையங்களுக்குப் போகிறது. அங்கே மற்ற நிலையங்களின் மின்சாரத்தோடு கலந்து, 230, 110 என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் 11 கிலோவோல்ட் பாதை வழியாக உங்கள் ஊர் டிரான்ஸ்பார்மருக்கு வருகிறது. பல ஓடைகள் வந்து விழும் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மடையில் பாய்வது எந்த ஓடையின் நீர் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஊரில் விளக்கு அணைந்தால் காரணம் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பாதையில்தான் இருக்கும். பனை மட்டை விழுந்திருக்கும், டிரான்ஸ்பார்மரில் சுமை கூடியிருக்கும், அல்லது கடல்காற்றின் உப்பு கம்பத்துப் பீங்கான்களில் படிந்து, பனி இறங்கிய விடியற்காலையில் அந்த ஈரத்தில் மின்சாரம் கசிந்திருக்கும். கடலோரத் துணைமின் நிலையங்களில் வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் இந்த உப்போடு ஒரு பகை உண்டு. கூடங்குளத்தில் ஆறு உலைகள் ஓடினாலும் இந்தத் தொல்லை தீராது. ஊருக்குள் வரும் பாதையைச் சரிசெய்தால் தீரும்.

பிள்ளைகள் உண்மையில் கேட்பது வேறு என்றும் எனக்குத் தோன்றுகிறது. நிலையம் எங்கள் ஊரில் இருக்கிறது, பலன் யாருக்கு என்பதுதான் அது. அதற்கு நேர்மையான பதில் கொஞ்சம் கசப்பானது. மின் நிலையத்தின் பலன் கம்பி வழியே நான்கு திசையிலும் பரவிவிடும், சுமை கட்டிய இடத்திலேயே கிடக்கும். எந்தப் பெரிய மின் நிலையத்துக்கும் இது பொருந்தும். அணுமின் நிலையத்துக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

பலன் பரவும் கணக்கைப் பார்ப்போம். இப்போது ஓடும் இரண்டு அலகுகளும் தலா 1,000 மெகாவாட். முதல் அலகு 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைக்கப்பட்டது, இரண்டாவது 2016 ஆகஸ்டில். இந்த 2,000 மெகாவாட்டில் தமிழ்நாட்டுக்கு 925, கர்நாடகத்துக்கு 442, கேரளத்துக்கு 266, புதுச்சேரிக்கு 67 என்று ஒதுக்கி, மீதி 300 மெகாவாட்டை மத்திய அரசு தன் கையில் வைத்துக்கொண்டது. 2012-ல் தமிழ்நாடு கடும் மின்வெட்டில் தவித்தபோது மொத்த மின்சாரத்தையும் எங்களுக்கே தாருங்கள் என்று முதல்வர் ஜெயலலிதா கேட்டார். மத்திய அரசின் கையிருப்பிலிருந்து 100 மெகாவாட் மட்டும் கூடுதலாகக் கிடைத்தது. ஆக, தமிழ்நாட்டின் பங்கு பாதிக்குச் சற்று மேல். அதிலும் திருநெல்வேலி மாவட்டத்துக்கென்று, ராதாபுரம் வட்டத்துக்கென்று தனிப் பங்கு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி? 2024 மே 2 அன்று மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அன்றைய கணக்கில் கூடங்குளத்தின் தமிழ்நாட்டுப் பங்கு ஏறத்தாழ இருபதில் ஒன்று. மின்வெட்டை ஒழித்ததே கூடங்குளம்தான் என்று ஒரு சாரார் சொல்வார்கள், அது மிகை. 2012-ல் கிராமங்களில் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். அந்த நிலை மாறியதற்கு வல்லூரிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் வந்த புதிய அனல்மின் அலகுகளும், வெளி மாநில மின்சாரத்தைக் கொண்டுவரும் பாதைகள் அகலமானதும் பெரிய காரணங்கள். கூடங்குளம் அந்த வரிசையில் ஒன்று. அதனால் ஒரு பயனும் இல்லை என்று எதிர்த்தரப்பில் சிலர் சொன்னதையும் நான் ஏற்பதில்லை. இருபதில் ஒரு பங்கு சிறிய அளவு இல்லை. அதுவும் யூனிட் நான்கு ரூபாயை ஒட்டிய விலையில், இரவும் பகலும் ஒரே அளவில் வரும் மின்சாரம்.

இந்த ‘ஒரே அளவு’ என்பதன் அருமை தெரிய வேண்டுமானால், நிலையத்துக்கு வடமேற்கே கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் என்று ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. நாட்டிலேயே காற்றாலைகள் அடர்ந்த பகுதிகளில் இது ஒன்று. மே முதல் செப்டம்பர் வரை காற்று அடித்து வீசும். நல்ல நாளில் மாநிலத்தின் காற்றாலை உற்பத்தி 5,000 மெகாவாட்டைத் தாண்டும். தை, மாசியில் அதே காற்றாலைகள் சும்மா நிற்கும். ஒரே நாளுக்குள்ளும் காற்று ஏறி இறங்கும். அணு உலையோ வைத்த இடத்தில் நிற்கும் பேர்வழி. எரிபொருளை ஏற்றிவிட்டால் ஒன்றரை ஆண்டுக்கு நிறுத்த வேண்டியதில்லை. தொடக்கத்தில் ஆண்டுக்கொரு முறை எரிபொருள் மாற்றினார்கள். ரஷ்யா புதிய வகை எரிபொருளைத் தரத் தொடங்கிய பின் அது பதினெட்டு மாதமாக நீண்டது. ஆகவே ஒரே வட்டத்துக்குள் இரண்டு எதிர்க்குணங்கள். ஒன்று வானத்தைக் கேட்டு ஓடும், மற்றொன்று யாரையும் கேட்காமல் ஓடும். காற்று உச்சத்தில் இருக்கும் ஆடி மாதத்து நள்ளிரவில், தேவை குறைவாக இருக்கும்போது, இரண்டும் சேர்ந்து மின்சுமைப் பகிர்வு மையத்தில் இருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும். அணு உலையைக் குறைத்து ஓட்ட விரும்ப மாட்டார்கள். காற்றாலையைக் குறைக்கச் சொன்னால் முதலீடு போட்டவர்கள் சண்டைக்கு வருவார்கள். கடைசியில் அனல் நிலையங்கள்தான் இறங்கிக் கொடுக்கும்.

அனல் நிலையம் என்றதும் இன்னொரு காரணம் நினைவுக்கு வருகிறது. தமிழகத்தின் தென்கோடி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வெகு தொலைவு. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஒடிசா, வங்காளத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் சுற்றிக்கொண்டு வருகிறது. 1,000 மெகாவாட் நிலக்கரி நிலையம் முழு அளவில் ஓடினால் நம் நாட்டு நிலக்கரியில் நாளொன்றுக்குப் பதினைந்தாயிரம் டன் அளவுக்கு வேண்டும். கூடங்குளத்தின் ஓர் உலைக்குள் இருக்கும் எரிபொருள் மொத்தமே 163 கோவைகள் (எரிபொருள் தண்டுகளின் கட்டுகள்), ஏறக்குறைய 80 டன் யுரேனியம். அதிலும் ஒவ்வொரு நிறுத்தத்தின்போதும் ஒரு பகுதியைத்தான் மாற்றுவார்கள். நிலக்கரிக்கு இவ்வளவு எட்டாத மூலையில், சாம்பல் மேடு இல்லாமல், ஆண்டு முழுவதும் ஓடும் ஒரு நிலையம் இருப்பது தென்மண்டல மின்தொகுப்புக்குப் பெரிய வசதி. மின் நிலையங்கள் நாலாபுறமும் பரவி இருந்தால்தான் தொகுப்பு நிலையாக நிற்கும். எல்லாம் வடக்கே இருந்து, நீண்ட கம்பிகளின் கடைசியில் நெல்லையும் குமரியும் தொங்கிக்கொண்டிருந்தால் மின்னழுத்தம் தள்ளாடும். பிள்ளைகளுக்கு ‘உங்கள் ஊருக்கு நேரடிப் பலன்’ என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். தெற்கே மின்னழுத்தம் உறுதியாக இருப்பதில் கூடங்குளத்துக்குப் பங்கு உண்டு.

இதில் ஆபத்தும் உண்டு. 1,000 மெகாவாட் அலகு என்பது நாட்டிலேயே பெரிய ஒற்றை உற்பத்தி அலகு. அது ஏதோ ஒரு கோளாறில் டிரிப் ஆனால், ஒரே நொடியில் அவ்வளவும் போய்விடும். தொடக்க ஆண்டுகளில் முதல் அலகு அடிக்கடி நின்று நின்று ஓடியதை நாளிதழ் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் மாநிலம் அவசரமாக நீர்மின் நிலையங்களை முடுக்கி, வெளியிலிருந்து வாங்கிச் சமாளித்தது. ஒரு நல்ல காலம், முதல் அலகு இணைக்கப்பட்ட இரண்டு மாதத்தில், 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்மண்டலத் தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு இணைந்தது. அதற்கு முன் தென்னகம் தனித் தீவாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் இவ்வளவு பெரிய அலகு அடிக்கடி விழுந்திருந்தால் அதிர்வெண் ஆட்டம் கண்டிருக்கும்.

பங்கு ஒதுக்கினால் மட்டும் போதாது என்பதற்குக் கேரளம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் பங்கை நேராகக் கொண்டுபோக எடமண்ணிலிருந்து கொச்சி வரை 400 கிலோவோல்ட் பாதை திட்டமிடப்பட்டது. ரப்பர்த் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் மேலே கோபுரங்கள் வருவதை அங்குள்ளவர்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். உலை ஓடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் கழித்து, 2019 செப்டம்பரில்தான் அந்தப் பாதையில் மின்சாரம் பாய்ந்தது. அணு உலையை எதிர்ப்பவர்களைப் பற்றி எழுதும் பலர் கம்பிப் பாதையை எதிர்ப்பவர்களைப் பற்றி எழுதுவதில்லை. இரண்டிலும் அடிப்படைக் குறை ஒன்றே: சுமை எனக்கு, பலன் வேறு யாருக்கோ.

இனி கடற்கரைக் கேள்வி. உலையில் உண்டாகும் வெப்பம் எல்லாம் மின்சாரம் ஆவதில்லை. கூடங்குளத்தின் ஓர் உலை 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கினால் 1,000 மெகாவாட்தான் மின்சாரமாகிறது. மீதி 2,000 மெகாவாட்டை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிரவைத்து மீண்டும் நீராக்குவது கன்டென்சரின் வேலை. அந்தக் குளிர்ச்சியைக் கடல்நீர் தருகிறது. உள்ளே போன கடல்நீர் வெளியே வரும்போது 7 டிகிரிக்கு மேல் சூடேறியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. இதை வைத்துப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லலாம். 2,000 மெகாவாட் வெப்பத்தை 7 டிகிரி உயர்வில் சுமந்து போக, நொடிக்கு ஏறத்தாழ 70 கன மீட்டர் நீர் வேண்டும். அணைச் செய்திகளின் மொழியில் சொன்னால் வினாடிக்குச் சுமார் 2,500 கன அடி, ஒரே ஓர் அலகுக்கு. இரண்டு அலகுகளுக்கு 5,000. இந்த அளவை ஆண்டு முழுவதும் இடைவிடாமல் தரக்கூடிய ஆறு தென் தமிழ்நாட்டில் எது? தாமிரபரணி வெள்ளக் காலத்தில் தரும், சித்திரையில் தராது. கடலைத் தவிர வேறு வழியில்லை. கைகா, ராவத்பாட்டா போன்ற உள்நாட்டு நிலையங்கள் நீர்த்தேக்கங்களின் கரையில் இருப்பதற்கும் இதுவே காரணம்.

கடலோரம் என்பதில் இன்னொரு வசதி, கனமான பொருள்களைக் கொண்டுவருவது. ரஷ்யாவிலிருந்து வரும் உலைக்கலனும் நீராவிக்கலன்களும் சாலை தாங்காத எடை. தூத்துக்குடியில் இறக்கி மிதவையில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். 2023 செப்டம்பரில் அப்படி இரண்டு நீராவிக்கலன்களைச் சுமந்து வந்த மிதவை கரைக்குப் பக்கத்திலேயே பாறையில் தட்டி நின்றதும், அதை மீட்கப் பட்ட பாடும் செய்தியாயின. அந்தக் கடலடியில் பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கிறது என்று இடிந்தகரையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

குளிரவைக்கக் கடல்நீர் சரி. உலைக்குள் சுற்றும் நீரும், ஊழியர்கள் குடிக்கும் நீரும் உப்பில்லாமல் வேண்டுமே? தொடக்கத் திட்டத்தில் அதற்குப் பேச்சிப்பாறை அணையிலிருந்து நீர் கொண்டுவருவதாக இருந்தது. குமரி மாவட்ட விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். பேச்சிப்பாறை, கோதையாறு நீரில் ராதாபுரம் கால்வாய்க்கும் ஒரு பங்கு உண்டு, அதைப் பெறுவதிலேயே உங்கள் வட்டத்து விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் இழுபறி என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கிடையில் அணு உலையும் கை நீட்டினால் என்ன ஆகும்? நல்லவேளையாக அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கடல்நீரை ஆவியாக்கி நன்னீர் எடுக்கும் ஆலையை வளாகத்துக்குள்ளேயே அமைத்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 75 லட்சம் லிட்டர் அதன் திறன். போராட்டங்களால் ஒன்றும் கிடைக்காது என்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

மீனவர் பக்கத்துக்கு வருகிறேன். இடிந்தகரை, கூத்தங்குழி, பெருமணல், கூட்டப்புளி ஆகிய ஊர்களின் வாழ்வு கரையோரக் கடலில் இருக்கிறது. சிங்கி இறால் பாறை இடுக்குகளில் வாழ்வது, பல மீன்கள் பார்களை அண்டி மேய்வது. ஆழ்கடலுக்குப் போகும் பெரிய விசைப்படகுக்காரருக்கு நிலையத்து வாய்க்காலின் சூடு ஒரு பொருட்டில்லை. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வலை போடும் பைபர் படகுக்காரருக்குப் பொருட்டு. 7 டிகிரி உயர்வு வெளியேற்றும் இடத்தில்தான், கடலில் கலந்ததும் குறைந்துவிடும் என்று நிலையத்தார் சொல்வது இயற்பியல்படி சரி. எவ்வளவு தூரத்தில், எந்த மாதத்தில், நீரோட்டம் எந்தப் பக்கம் இருக்கும்போது குறைகிறது என்பதுதான் மீனவரின் கேள்வி, அதுவும் சரி. கடல்நீரோடு உள்ளே இழுக்கப்படும் மீன்குஞ்சுகள் இன்னொரு கவலை. காற்றுக் குமிழிகளால் மீனைத் திருப்பிவிடும் அமைப்பு ஒன்றை உறிஞ்சும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். நீந்தத் தெரிந்த மீன் திரும்பும். முட்டையும் நுண்ணுயிரும் திரும்ப முடியாது.

வேடிக்கை என்னவென்றால், கடலும் சும்மா இருப்பதில்லை. கல்பாக்கத்தில் கடலடிச் சுரங்கம் வழியாக நீர் எடுக்கிறார்கள். அதன் சுவர்களில் பச்சைச் சிப்பிகள் அடை அடையாக வளர்ந்து பொறியாளர்களைப் படுத்திய பாடு ஆய்வுக் கட்டுரைகளாகவே குவிந்திருக்கிறது. சொறிமீன் கூட்டம் வந்து வடிகட்டியை அடைத்தால் உற்பத்தியைக் குறைக்க வேண்டிவரும். கரையோர அணுமின் நிலையத்தின் அன்றாடப் பாடுகளில் பாதி கதிரியக்கத்தோடு தொடர்பில்லாதவை. சிப்பி, சொறிமீன், உப்பு, துரு.

அடுத்தது, ஆழிப்பேரலை. 2004 டிசம்பர் 26 காலை கல்பாக்கத்தில் இரண்டாவது அலகு ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர், அதை உறிஞ்சும் பாதை வழியாகவே மேலெழும்பி இறைப்பு நிலையத்தை நிரப்பியது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, சில நாள்களில் மீண்டும் ஓடியது. பக்கத்தில் அதிவேக ஈனுலைக்குத் தோண்டியிருந்த அடித்தளக் குழி முழுகிப்போனது. பெரிய இழப்பு நிலையத்துக்கு வெளியே, ஊழியர் குடியிருப்பில். உலையைக் காத்த திட்டமிடல் குடியிருப்பைக் காக்கவில்லை. புகுஷிமாவில் 2011-ல் நடந்தது இதன் கொடிய வடிவம். நிலநடுக்கத்தில் உலைகள் நின்றுவிட்டன, ஆனால் நின்ற பிறகும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் வெப்பத்தை அகற்ற வேண்டிய டீசல் ஜெனரேட்டர்களை நீர் மூழ்கடித்தது. கூடங்குளத்தில் நீர் ஏறக்கூடிய அதிகபட்ச உயரம் கடல்மட்டத்திலிருந்து 5.44 மீட்டர் என்று கணித்து, கடல்நீர் இறைப்பு நிலையத்தை 7.65 மீட்டரிலும் டீசல் ஜெனரேட்டர்களை 9.3 மீட்டரிலும் அமைத்திருக்கிறார்கள். மின்சாரமே இல்லாவிட்டாலும் வெளிக்காற்றால் வெப்பத்தை அகற்றும் ஏற்பாடு ஒன்று உண்டு, உலை உருகினால் அந்தக் குழம்பைத் தாங்கிப் பிடிக்க அடியில் ஒரு தொட்டியும் உண்டு. பொறியியல் அளவில் கல்பாக்கத்தின் பழைய அலகுகளைவிடக் கூடங்குளம் ஒரு தலைமுறை முன்னேறியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் மக்கள் ஏன் நம்பவில்லை? அவர்கள் அறியாமையில் இருந்தார்கள் என்ற விளக்கம் சோம்பேறித்தனமானது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு இரண்டரை ஆண்டு முன்புதான் செர்னோபில் நடந்திருந்தது, எதிர்ப்பு அன்றே தொடங்கிவிட்டது. சோவியத் ஒன்றியம் சிதறித் திட்டம் பத்தாண்டு தூங்கியது. 1998-ல் ரஷ்யாவோடு புதுப்பித்து, 2002-ல் கட்டத் தொடங்கினார்கள். ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவர்களுக்கு நிலையத்துக்கு அருகிலேயே குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். பிறகு 2011. மார்ச்சில் புகுஷிமாவைத் தொலைக்காட்சியில் பார்த்த மக்களுக்கு, சூலை, ஆகஸ்டில் உலையைச் சூடேற்றி ஓட்டிப் பார்த்த சோதனையில் நீராவி கிளப்பிய பேரிரைச்சல் கேட்டது. கூடவே, விபத்து நடந்தால் முகத்தை மூடிக்கொண்டு எப்படி ஓட வேண்டும் என்ற ஒத்திகை அறிவிப்பும் வந்தது. இடிந்தகரை லூர்து மாதா கோவில் முன் போராட்டப் பந்தல் எழுந்தது இப்படித்தான். முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வந்து பார்த்துப் பாதுகாப்பானது என்றார், மத்திய, மாநிலக் குழுக்களும் அதையே சொல்லின. 2012 மார்ச்சில் மாநில அரசு பச்சைக்கொடி காட்டி, சுற்றுவட்டாரத்துக்கு 500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அந்தச் செப்டம்பரில் முற்றுகை, தடியடி. மணப்பாட்டில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையத்தை இயக்கலாம் என்று தீர்ப்பளித்து, பதினைந்து கட்டளைகளையும் விதித்தது. போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

திருவனந்தபுரத்துச் சங்குமுகம் கடற்கரையிலிருந்து இலங்கையின் மன்னார் வரை இந்தக் கவலை பரவியிருந்தது. திருவனந்தபுரம் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள். இலங்கையின் மேற்குக் கரை 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்நாளில் இலங்கை அரசும் கவலை தெரிவித்தது. 2015 பிப்ரவரியில் இரு நாடுகளும் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு அந்தக் குரல் தணிந்தது.

வேலைவாய்ப்பு, சாலை, மருத்துவ வசதி பற்றிச் சுருக்கமாக. சாலைகள் மேம்பட்டன, வீடுகள் கட்டப்பட்டன. செட்டிகுளத்து அணுவிஜய் நகரியத்தைச் சுற்றிக் கடைகளும் வாடகையும் பெருகின. 3, 4 ஆம் அலகுகளின் கட்டுமானம் 2017 முதலும் 5, 6 ஆம் அலகுகளின் கட்டுமானம் 2021 முதலும் நடப்பதால் ஒப்பந்தக் கூலி வேலைக்குப் பஞ்சமில்லை. நிரந்தர வேலை வேறு கதை. அதற்குப் படிப்பும் தேர்வும் வேண்டும், அகில இந்தியாவிலிருந்தும் போட்டி. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நிலம் கொடுத்த வட்டாரம் இது. வானம் பார்த்த பூமி என்று அந்த நிலம் அன்று சொற்ப விலைக்குப் போனது. கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளே என்ன வேலை கிடைத்தது என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. உங்கள் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் நன்றாகக் கற்பிக்கப்பட்டால் அந்தக் கேள்விக்கு நீங்களே ஒரு பகுதி விடை எழுதுகிறீர்கள்.

என் பார்வையில், இந்த வட்டாரம் இன்று கவலைப்பட வேண்டியது எரிந்து முடிந்த எரிபொருளைப் பற்றி. 1988 ஒப்பந்தத்தில் அதைச் சோவியத் ஒன்றியமே திரும்ப எடுத்துக்கொள்வதாக இருந்தது. பின்னர் இந்தியாவே வைத்துக்கொள்வதாக மாறியது. இப்போது அது உலைக் கட்டடத்துக் குளங்களில் நீருக்கடியில் இருக்கிறது. அந்தக் குளங்கள் ஒருநாள் நிரம்பும். ஆகவே உலைக்கு வெளியே தனிச் சேமிப்பகம் ஐந்தாண்டுக்குள் வேண்டும் என்பது 2013 தீர்ப்பின் கட்டளைகளில் ஒன்று. 2018-ல் கூடுதல் அவகாசம் வாங்கினார்கள். 2019-ல் அதற்கென அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. தற்காலிகச் சேமிப்பகம் என்கிறார்கள். நிரந்தரமாக எங்கே என்பதற்கு நாட்டில் இன்னும் இடம் முடிவாகவில்லை. நிரந்தரம் முடிவாகாத வரை தற்காலிகம் எத்தனை காலம் என்று ஊர்க்காரர் கேட்டால், அதில் அறியாமை எதுவும் இல்லை.

நம்பிக்கையைக் கெடுப்பது பெரும்பாலும் பேசும் விதம். 2019 அக்டோபரில் நிலையத்தின் கணினிகளில் தீநிரல் (மால்வேர்) புகுந்ததாகச் செய்தி வந்தது. முதல் நாள் நிலையம் மறுத்தது. மறுநாள், நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் அது இருந்தது உண்மைதான், உலையை இயக்கும் அமைப்பு தனியானது, பாதிப்பில்லை என்று ஒப்புக்கொண்டது. இரண்டாவது அறிக்கையில் இருந்த உண்மையை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

கதிரியக்கம் பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். இந்தக் கரை மணலில் மோனசைட் கலந்திருக்கிறது. மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கும் ஆலையே உண்டு. அதிலுள்ள தோரியத்தால் இந்தக் கரையின் சில பகுதிகளில் இயற்கைக் கதிரியக்கம் சராசரியைவிட அதிகம், நிலையம் வருவதற்கு முன்பும் அப்படித்தான். ஆகவே ஒரு கருவியைக் கொண்டுபோய்க் கரையில் வைத்து, அளவு கூடுதலாகக் காட்டுகிறது, நிலையம்தான் காரணம் என்று சொல்வது தவறு. அதே காரணத்தால், எல்லாம் இயற்கை என்று கை கழுவுவதும் தவறு. உலை ஓடுவதற்கு முந்தைய அளவுகளையும் இன்றைய அளவுகளையும் இடம் வாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிலையத்துக்கென்று சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அது மண், மீன், பால், நீர் ஆகியவற்றை எடுத்து அளக்கிறது. அந்த அறிக்கைகள் விஞ்ஞானிகளுக்குப் புரியும் மொழியில் வருகின்றன.

ஆறு அலகுகளும் ஓடும் நாளில் கணக்கு மாறும். 6,000 மெகாவாட் மின்சாரம், கூடவே 12,000 மெகாவாட் வெப்பம் கடலுக்கு. மேலே போட்ட கணக்கின்படி வினாடிக்கு 15,000 கன அடி வெதுவெதுப்பான நீர், ஒரே கரையில். இரண்டு அலகுகளை வைத்துச் செய்த ஆய்வு ஆறுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் பெருமணலிலும் கடல்நீரின் வெப்பநிலையை மாதாமாதம் அளந்து, ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் எழுதிப் போடலாம். இதற்குப் பெரிய செலவில்லை, இரகசியம் எதுவும் வெளியாகிவிடாது. கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், ஒரு வெப்பமானியைக் கொடுத்து அவர்களையே ஓராண்டு அளந்து எழுதச் சொல்லுங்கள். காற்றுக் காலம், பனிக்காலம் இரண்டும் அதில் வர வேண்டும். புதிய அலகுகள் ஓடத் தொடங்குவதற்கு முன் எடுத்த அளவு என்பதால், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.